நான் மொழிபெயர்க்காத எரிச்சல்

கச்சான் காற்று தொடங்கியதும் என் சகலனின் வீட்டில் மேற்குப் பக்க ஜன்னல்கள் மூடப்படும். மேற்கே, ஊர் முடிந்த இடத்தில் வயல்வெளி. அந்த வெளியின் மேலாகக் காற்று சூடேறி வரும். எங்களுக்கு அது தூசியும் காய்ந்த தொண்டையும்தான். அவருக்கு இடது கன்னத்தில் நெருப்பு. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் என் அறைவரை கேட்கும். நான் என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் அந்த வரியில் நின்றுவிடுவேன். ஏன் நிற்கிறேன் என்பதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

சகலன் என்று நான் சொல்வது என் மனைவியின் தங்கையின் கணவரை. கல்முனைக் கரையில் கல்யாணம் முடிந்தால் வீடு மாறிப் போகிறவன் ஆண்தான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்து வருவார்கள். மாமா, அதாவது எங்கள் மனைவிமாரின் தகப்பன், தன் வீட்டு வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டினார். நடுவில் தகர வேலி, அதில் ஓர் ஆள் புகுந்து வரும் அளவுக்கு ஓர் இடைவெளி. எனக்கும் அவருக்கும் இரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே வளவுக்குள் வந்து சேர்ந்த இரண்டு வெளியாட்கள் நாங்கள். நான் முதலில் வந்தேன். எட்டு வருடம் கழித்து அவர் வந்தார்.

நான் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு நான் 'மாஸ்டர்'. வீட்டுக்கும் அப்படித்தான். என் மனைவியின் உம்மா, நான் மாமி என்று கூப்பிட்டவர், மௌத்தாகிக் கண்மூடும்வரை என்னை 'மாஸ்டர்' என்றார். பிந்தி வந்த அவரை முதல் கிழமையிலேயே 'மனே' என்று, பெற்ற மகனைப்போல, அழைக்கத் தொடங்கிவிட்டார். பாரை மீன் ஆக்கினால் தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகும். எனக்கு நடுத்துண்டு, முள் இல்லாமல் பார்த்து வைப்பார்கள். விருந்தாளிக்கு வைப்பதுபோல. நாற்பது வருடம் நான் முள்ளில்லாத மீன் தின்றேன்.

அவர் வேளாண்மை செய்கிறவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். உயரமான ஆள், பல் முழுவதும் தெரியச் சிரிக்கும் முகம். அவர் வேலி தாண்டி வந்தால் எங்கள் குசினி அடுப்படியில் சத்தம் கூடும். நான் உள்ளே வந்தால் குறையும். 'மாஸ்டர் வாறார்' என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். என் சொந்தப் பிள்ளைகள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வார்கள்.

ஒரு காலையில் என் மனைவி அவித்த பிட்டு இறுகிப்போயிருந்தது. அவர் ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மதினி, இத வீணாக்காதீங்க. ஒரு சாக்குல போட்டுத் தாங்க, வரம்பு கட்டலாம்."

"போங்க தம்பி! வரம்புதான் கட்டுவீங்களோ, வாய்க்காலயும் அடைப்பீங்களோ!" என்று சொல்லி என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதற்கு முந்திய மாதம் இதே பிட்டு இறுகியபோது, "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்று நான் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. இது சின்ன விஷயம். ஆனால் என் பொறாமை பெரிய விஷயங்களில் வளரவில்லை. பிட்டு, மீன் தலை, 'மனே' என்ற ஒரு சொல், இவற்றில்தான் வளர்ந்தது.

அவருக்கு விபத்து நடந்தது ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில். எங்கள் பக்கம் ஈர நெல்லைத் தார் வீதியின் ஓரத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். வாகனம் ஏறாமல் இருக்க நெல்லைச் சுற்றிக் கல் வைப்பார்கள். அவர் வயலிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெல்மட் தலையில் இல்லை, வழக்கம்போலக் கைப்பிடியில் தொங்கியது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினார், சில்லு நெல்லில் சறுக்கியது, விழுந்தார். கன்னம் போய் மோதியது அந்தக் கல்லில். சறுக்கிவிட்ட நெல் அவருடைய சொந்த நெல் என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். கல்லும் அவர் வைத்ததுதான்.

கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வீக்கம் இறங்கியதும் முகம் பழைய முகமாகவே திரும்பி வந்தது. ஒரு வடுக்கூட வெளியே தெரியவில்லை. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சொல்லும்போதே என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில், இந்த மனிதருக்கு முகம்கூடக் கெடாதா என்ற நினைப்பு ஓடியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் கன்னத்தில் உணர்வு இல்லை. மூக்கின் ஓரம், மேல் உதட்டின் பாதி, மேல் பல்முரசு எல்லாம் விறைத்திருந்தன. சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டியிருக்கும், அவருக்குத் தெரியாது. என் மச்சி, அதாவது அவர் மனைவி, சைகை காட்டுவாள்.

"என்ன செய்யச் சொல்றாய்?" என்பார் அவர். "அந்தப் பக்கம் இப்ப எனக்குச் சொந்தமில்ல. ஆரோ வாடகைக்கு எடுத்திட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சுகயீனத்திலும் அவரால் சிரிக்கவைக்க முடிந்தது.

இரண்டு மூன்று மாதத்தில் கச்சான் வந்தது. அதோடு எரிச்சல் தொடங்கியது. விறைத்த அதே இடம் எரிந்தது. விரலால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி ஒன்றும் தெரியாது. காற்றுப் பட்டால், சால்வை நுனி உரசினால், மிளகாய் அரைத்துத் தேய்த்ததுபோல எரியும். இடையிடையே கண்ணிலிருந்து உதடுவரை மின்சாரம் இழுத்ததுபோல ஒரு வெட்டு. தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது முகத்தில் தண்ணீர் படவேண்டுமே, அதற்கு அவர் வெந்நீர் கொண்டுபோவார். பள்ளிவாசலில் மின்விசிறி இல்லாத மூலையாகப் பார்த்துத் தொழுவார். சவரம் செய்வது பாதியில் நிற்கும். லேஞ்சித் துண்டைக் கன்னத்தின் முன்னால் படாமல் பிடித்துக்கொண்டு நடப்பார்.

"என்ன, புதுப் பொண்ணு மாதிரி முகத்த மூடிக்கிட்டுப் போறீங்க?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"ஓம், இன்னும் ஆரும் பாக்க வரல்ல. நீங்களாவது பாருங்க" என்பார்.

அந்த மாதங்களில் எங்கள் வளவு முழுவதும் அவரைச் சுற்றித்தான் ஓடியது. மாமி தண்ணீரில் ஓதி ஊதிக் கொண்டுபோவார். என் மனைவி அவருக்கென்று கஞ்சி குழைய வைப்பாள். எனக்கு அந்த வருடம் முழங்கால் நோவு. படியிறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நான் ஒருநாள் வாய்விட்டு, "எனக்கும் நோகுதுதான்" என்றேன்.

"நோவுண்டா அவருக்குத்தான் நோவு," என்றாள் என் மனைவி. "அப்பிடி நொந்துக்கிட்டும் மனிசன் சிரிக்கிறார். நீங்க ஒரு தலையிடிக்கே ஊரக் கூட்டுவீங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது எனக்குள் தங்கிவிட்டது.

பிறகு அவரைத் தூரத்திலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழ் தெரிந்த டொக்டர் இல்லை என்று சொன்னார்கள். யார் கூடப் போவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. படித்தவர் நான்தானே. காலையில் வேனில் ஏறும்போது மாமி என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டுக் கதைத்தது எனக்கு நினைவில் அந்த ஒரு தடவைதான்.

"மாஸ்டர், அவன்ட வாய் நீங்கதான்," என்றார்.

வழியெல்லாம் சகலன் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வேன் ஜன்னலை அடைத்துவிட்டு, லேஞ்சியைப் பிடித்தபடி. என்னை அவர் கூப்பிடுவது 'காக்கா' என்று, எங்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல்.

"காக்கா, விறைச்சும் இரிக்கி, எரியவும் செய்யிது. ரெண்டும் ஒரே இடத்துல. இதச் சொன்னா எனக்கே புத்தி சரியில்ல எண்டு நினைப்பாங்க. இங்கிலீஷ்ல இத எப்பிடிச் சொல்லுவீங்க?"

"சொல்லுவன். நீங்க பேசாம இரிங்க."

அறைக்குள் போனதும் அவர் பேசாமல் இருக்கவில்லை. நெல் ஏற்ற வரும் லொறிக்காரர்களிடம் பொறுக்கிய சிங்களம் அவரிடம் கொஞ்சம் இருந்தது. நாற்காலியில் உட்காரும்போதே தொடங்கிவிட்டார். கன்னத்தைக் காட்டி, "இந்த வீட்டுல ஆளில்ல மஹத்தயா, அடுப்பு மட்டும் எரியிது" என்ற கருத்தில் உடைந்த சிங்களத்தில் சொன்னார். தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டொக்டர் அதுவரை நிமிரவே இல்லை. வாசலில் அவ்வளவு பெரிய வரிசை. இப்போது பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து, சிரித்து, "என்ன அடுப்பு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குச் சகலன் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே சரியாகியிருக்கும்.

ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான் பக்கத்தில் நிற்கிறேன். இந்த மனிதர் லொறிக்காரச் சிங்களத்தில் ஓர் அந்நிய அறையையும் தன் வீட்டுக் குசினி ஆக்கிவிட்டார். நான் முன்னால் ஒரு எட்டு வைத்து, மிகத் திருத்தமான ஆங்கிலத்தில், "மன்னிக்கவேண்டும் டொக்டர், இவருக்குச் சிங்களம் சரியாக வராது, நான் விளக்குகிறேன்" என்றேன். டொக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. அது எனக்கு இனித்தது.

டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், வலி உண்டா என்று.

"நோகுதா எண்டு கேக்கிறார்," என்றேன் நான்.

சகலன் நீண்ட நேரம் சொன்னார். கை கன்னத்துக்கு அருகே போய்ப் படாமல் நின்றது. ஒழு எடுப்பதைச் சொன்னார், பள்ளிவாசல் மின்விசிறியைச் சொன்னார், எரிச்சல் என்ற சொல்லை மூன்று நான்கு தடவை சொன்னார். அவர் முடித்ததும் நான் டொக்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: கன்னம் விறைத்திருக்கிறது என்கிறார், முன்னைவிட இப்போது பரவாயில்லை.

எரிச்சலை விட்டுவிட்டேன்.

இதற்கு நான் எனக்குள் பல வருடம் ஒரு நியாயம் வைத்திருந்தேன். விறைத்த இடம் எப்படி எரியும்? ஒன்றில் உணர்வு இல்லை, அல்லது உணர்வு இருக்கிறது. முரணான ஒரு வசனத்தை ஆசிரியன் திருத்தினான், அவ்வளவுதான். சிவப்பு மையால் வெட்டிப் பழகிய கை. இந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லி அதை நானே பாதி நம்பியும் விட்டேன்.

ஆனால் அது உண்மை இல்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டால் அவர் கன்னத்தை மெல்லத் தொட்டார். சகலன் நாற்காலியோடு பின்னால் போனார், கண் நிறைந்துவிட்டது. டொக்டர் என்னைப் பார்த்தார். "என்ன ஆயிற்று?"

"கொஞ்சம் பயந்த சுபாவம், டொக்டர்," என்றேன்.

இது விடுபட்ட சொல் அல்ல. நான் செய்து கொடுத்த பொய். வயலில் பாம்பைக் கையால் தூக்கி எறிகிற ஒருவரைப் பயந்தவர் என்று, அவருக்கு விளங்காத பாஷையில், அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் என்னை நன்றியோடு பார்த்துத் தலையாட்டினார். டொக்டர் கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதி, விற்றமின் குளிசை கொடுத்து, இனி வரத் தேவையில்லை என்றார்.

திரும்பி வரும்போது அவர் வேனில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்:

"நான் கால் மணித்தியாலம் கதைச்சன். காக்கா ரெண்டு வசனத்துல முடிச்சிட்டார். இங்கிலீஷ் எண்டது சிக்கனமான பாஷை, என்ன காக்கா?"

"ஓம்," என்றேன்.

இந்தப் பகிடி ஊரில் கொஞ்ச நாள் ஓடியது.

அடுத்த கச்சான் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெரிய டொக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதால், அவர் தன் எரிச்சலுக்கு வேறு காரணம் தேடத் தொடங்கினார். மேல் முரசும் சேர்ந்து எரிந்ததால் பல்லில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். பல் பிடுங்கும் இடத்துக்குப் போய், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மன்றாடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். எரிச்சல் நிற்கவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்கினார். அன்று வேலி தாண்டி வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"பாருங்க காக்கா. ஒரு பூச்சி இல்ல, ஒரு ஓட்டை இல்ல. விதை நெல்லு மாதிரி இரிக்கி. இதப் போயி பிடுங்கிட்டாங்களே."

அந்தப் பல்லை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக, வேர்வரை முழுதாக இருந்தது. அவருடைய சிரிப்பில் முன்னால் தெரிகிற பற்களில் ஒன்று அது. அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் எத்தனை வருடம் எரிந்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு துண்டு என் கையில். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்தக் கிழமையே அவரை எங்கள் பக்கத்திலுள்ள ஒரு பெண் டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த பிள்ளை, எங்கள் தமிழே கதைக்கிறவள். அவளிடம் என் உதவி தேவைப்படவில்லை. சகலன் தானே சொன்னார். ஆளில்லாத வீட்டையும் எரியும் அடுப்பையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, நீங்க சொல்றதுதான் இந்த வருத்தம்," என்றாள். "கண்ணுக்குக் கீழ எலும்புல ஒரு சின்ன ஓட்டை இரிக்கி. அதுக்குள்ளால ஒரு நரம்பு வெளிய வந்து கன்னத்துக்கும் உதட்டுக்கும் பல்லுக்கும் பிரிஞ்சி போகும். எலும்பு உடைஞ்சதுல அது நசுங்கியிரிக்கி. வயர் நசுங்கினா என்ன நடக்கும்? லைட் பத்தாது, ஆனா தொட்டா ஷோக் அடிக்கும். அதுபோலதான். தோல்ல ஒண்டுமில்ல, பல்லுல ஒண்டுமில்ல. நரம்பு பொய்ச் செய்தி அனுப்புது, மூளை அத நம்புது. நாள் போகப் போக மூளைக்கும் அது பழக்கமாகிரும்."

"இதத்தானே புள்ள நான் அண்டைக்கும் சொன்னன்!" என்றார் சகலன்.

அவள் பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டினாள். "விறைப்பு மட்டும், வலி இல்ல எண்டுதான் இதுல எழுதியிரிக்கி."

நான் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தேன், கர்ப்பிணித் தாய்மார் என்ன சாப்பிடவேண்டும் என்பதுபற்றிய படம். சகலன்தான் பேசினார்.

"சனம் கூட அண்டைக்கு. அவசரத்துல எழுதாம விட்டிருப்பாங்க."

"முந்தியே வந்திருந்தா லேசா இருந்திரிக்கும்," என்றாள் அவள். குளிசைகள் எழுதினாள். ஒன்று வலிப்பு நோய்க்குக் கொடுப்பது, மற்றது மனச்சோர்வுக்குக் கொடுப்பது, இரண்டுமே நரம்பை அடக்கும் என்றாள். "எனக்கு வலிப்புமில்ல, விசருமில்ல. ரெண்டுக்கும் குளிசை!" என்று அவர் வழியில் சிரித்தார். குளிசையால் எரிச்சல் பாதியாகியது. மீதிப் பாதி நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட முடியாது, காற்றில் வயல் வரம்பில் நிற்க முடியாது. வேளாண்மையை மருமகனிடம் விட்டுவிட்டு, மூடிய ஜன்னல்களுக்குள் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. போகிறவர்கள் எல்லா வீடும் ஏறி மாப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். 'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை விட்டிருந்தா மாப்புச் செய்யுங்க' என்று கேட்கவேண்டும். ஐம்பது வீட்டில் அதை முழுதாகச் சொன்னேன். ஐம்பத்தோராவது வீடு அவருடையது. அங்கே, "தெரியாம ஏதும் பிழை விட்டிருந்தா மாப்புச் செய்யுங்க தம்பி" என்றேன். 'தெரிஞ்சோ' என்பதைச் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு சொல்லை விட்டேன்.

"நீங்க என்ன பிழை விடப் போறீங்க காக்கா? அல்லாஹ்வுக்காக எல்லாம் மாப்பு," என்று சொல்லிக் கட்டிப் பிடித்தார், வலது கன்னம் மட்டும் படும்படி. பிறகு, "மக்காவுல என்ட கன்னத்துக்கும் ஒரு துஆ கேளுங்க" என்றார். கேட்டேன். அங்கேயும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. உண்மை சொல்லாதவனுக்கு எப்படி வரும்?

இந்த வருடம் கச்சான் தொடங்கி முதல் ஜன்னல் சாத்தப்பட்டபோது நான் எழுந்து வேலி இடைவெளியால் போனேன். அஸர் தொழுது வந்த பின்னேரம். அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார், கோப்பையை வாயின் வலப்பக்கத்தில் வைத்து.

"வாங்க காக்கா. என்ன அதிசயம், நீங்க வேலி தாண்டி வந்திரிக்கீங்க?"

"ஒரு கதை சொல்லணும்."

"நீளமாவா, இங்கிலீஷ் மாதிரியா?"

நான் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வரும் வழியில் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"எனக்கு எரிச்சல் தம்பி. கனகாலமா எரிச்சல்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்குமா? எந்தக் கன்னம்? எப்ப தொடங்கின? சும்மா இரிங்க, என்ட குளிசை கெடக்கு, எடுத்துத் தாறன்." சொல்லிக்கொண்டே எழுந்து அலுமாரியைத் திறந்துவிட்டார்.

"கன்னத்துல இல்ல," என்றேன். "உங்கள்ள. எனக்கு உங்கள்ள எரிச்சல்."

எங்கள் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் வேறு வேறு. அவர் குளிசை அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் தலையிலிருந்து தொடங்கினேன். பிட்டைச் சொன்னேன். ஆஸ்பத்திரி அறையில் அவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். பயந்த சுபாவம் என்று சொன்னதையும் சொன்னேன். சுருக்கவில்லை.

அவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"அடுப்பு எண்டு நான் சொன்னது அந்த டொக்டருக்கு விளங்கினதா?"

"விளங்கத்தான் பாத்தார். என்ன அடுப்பு எண்டு கேட்டார். நான்தான் குறுக்க பூந்தன்."

அவருடைய நாக்கு உதட்டுக்குள்ளே பல் இல்லாத இடத்தைத் தடவுவது வெளியே தெரிந்தது. "அப்ப இந்த ரெண்டு பல்லும்?"

"ஓம்."

"ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள நான் மாப்புத் தந்தேனே."

"அண்டைக்கு நான் இதச் சொல்லிக் கேக்கல்ல."

"அப்ப அது இதுக்குச் செல்லாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் காயவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். "இத நான் யோசிக்கணும் காக்கா. கொஞ்ச நாள் போகட்டும்."

நான் எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது, "கதவச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது" என்றார்.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. ஸலாமுக்குப் பதில் சொல்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மின்விசிறி இல்லாத அதே மூலையில் இருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார எனக்குக் கால் வரவில்லை. யாரிடமும் அவர் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் என் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

நேற்று மாலை வேலிப் பக்கம் அவர் குரல் கேட்டது. உடனே என் மனைவியின் சிரிப்பும் கேட்டது, கண்ணில் நீர் வரும் அதே சிரிப்பு. இந்த வயதிலும், இவ்வளவுக்குப் பிறகும், அந்த எரிச்சல் எழும்பியது. காரணம் போன பிறகும் பழக்கத்தில் எரிவது நசுங்கிய நரம்புக்கு மட்டும்தான் குணம் என்று நினைத்திருந்தேன். அவள் உள்ளே வந்ததும், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உங்களப் பத்தித்தான்," என்றாள், இன்னும் சிரித்துக்கொண்டு. "இங்கிலீஷ் படிச்ச மாஸ்டர் இப்பதான் தமிழ் கதைக்கப் பழகுறாராம். என்ன கத அது? எனக்கு விளங்கல்ல."

"ஒண்டுமில்ல," என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.